வினிகர் கூடிப்போன மதியம்

மூன்றாம் நாளும் எங்கள் தெருவுக்கு கேஸ் இல்லை.
வாசலை மறித்து ஓர் அகழி,
அகழிக்குள் ஆரஞ்சுச் சட்டையில் மூன்று பேர்.
குத்தைசி நகரத்து ஜூலை
உச்சந்தலையில் இரும்பு காய்ச்சுகிறது.
காலையில் ஜன்னலைத் திறந்து
நான் அவர்களைத் திட்டியது எழுத்தில் அடங்காது.

வேலைக்குக் கிளம்பிய மல்காஸ்
செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்:
"இன்றும் இலைதழைதானா, த்ஸியாலா?
பேசாமல் ஓர் ஆட்டைக் கட்டியிருக்கலாம் நீ."

சரி, பார்த்துவிடலாம்.

ரியோனிக்கு அக்கரையில்
நாத்தனார் வீட்டு அடுப்பில் நேற்றிரவு வேகவைத்த
ஒரு கோழி, ஒரு சட்டி சிவப்பு பீன்ஸ்.
கரண்ட் கெட்டிலில் முட்டை ஐந்து;
வெந்தபோது உள்ளே
யாரோ கதவைத் தட்டுவதுபோல் சத்தம்.
கோழியைக் கத்தி வைக்காமல் விரலால் பிய்த்தேன்.
பிய்த்த சதைதான் சாற்றைக் குடிக்கும்.
வெள்ளரி, தக்காளி,
கையை ஊதாவாக்கும் திருநீற்றுப்பச்சை.

பிறகு உரல்.
அக்ரூட் பருப்பு, பூண்டு, கொத்தமல்லி விதை,
உப்பு, ஒரு காய்ந்த மிளகாய்,
செண்டுமல்லி இதழ்ப்பொடி ஒரு சிட்டிகை.
எண்ணெய் கசிந்து உலக்கை வழுக்கும்வரை இடித்து
கரண்டி கரண்டியாய்த் தண்ணீர்.
பழுப்பு வெளுத்து, பாலாகித் திரண்டு வந்தது.
இனி நாலு சொட்டு வினிகர்.
பாட்டிலைச் சாய்த்தேன்.
மூடியோடு சேர்ந்து கொடகொடவென்று
கால் பாட்டில்.

நக்கிப் பார்த்தேன்.
ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

புளிப்பை அடக்க இன்னும் பருப்பு.
பருப்பு கூடி சிமெண்டாய் இறுக,
இன்னும் தண்ணீர்.
தண்ணீர் கூடி உப்பு எங்கோ போக,
இன்னும் உப்பு, பூண்டு.
ஒருவழியாய்ச் சரியானபோது
சாறு உரலைத் தாண்டி
இரண்டு ஜாடி நிறைந்திருந்தது.
இத்தனை சாற்றுக்கு அந்த ஒரு கிண்ணம்
கடலில் கரைத்த பெருங்காயம்.

எதிர்வீட்டு நதேலா ஏழு தக்காளி தந்தாள்.
உப்புநீரில் கிடந்த பாலாடைக்கட்டியும் தந்து
என்ன விசேஷம் என்று கேட்டாள்.
"கணக்குப் பிசகு," என்றேன்.
கிண்ணம் போய்
பிளம் ஜாம் கிளறும் செம்பு அண்டா வந்தது.
மிச்சமிருந்த பீன்ஸ் முழுக்க, பழைய ரொட்டித் துண்டுகள்,
முழங்கை வரைக்கும் கைவிட்டு ஒரு புரட்டல்.

அப்போதுதான் உறைத்தது:
மல்காஸ் வர ஏழாகும்.
சாறு பட்ட இலை அரைமணி நேரம்தான் நிமிர்ந்து நிற்கும்.

அகழியின் விளிம்பில் போய் நின்றேன்.
"சாப்பிட்டீர்களா?"

மூன்று தலைகள் நிமிர்ந்தன.
மண்வெட்டியை ஊன்றியபடி ஜெமால் கேட்டான்:
"காலையில் எங்கள் அம்மாக்களைப் பற்றி
ஏதோ சொன்னீர்களே?"
"அவர்களுக்கும் ஒரு டப்பா கட்டித் தருகிறேன், ஏறி வா."

குழாயில் உட்கார்ந்து தின்றார்கள்.
சின்னவன் லாஷா
முட்டைகளை முதலில் பொறுக்கினான்.
"சூடாக எதுவும் இல்லையா?" என்று ஆரம்பித்த ஜெமால்
மூன்றாம் முறை ரொட்டியால் தட்டைத் துடைத்தபோது
எதுவும் கேட்கவில்லை.
நதேலா நாற்காலியோடு வந்துவிட்டாள்.
யார் தோளிலோ மண், யார் மீசையிலோ அக்ரூட்.
வெயில் அப்படியேதான் இருந்தது.

மல்காஸுக்கு ஒரு தட்டு எடுத்து வைத்தேன்,
சாறு ஊற்றாமல், தனி டம்ளரில் சாறு.
ஆடு கட்டியவனுக்கு அளந்துதான் ஊற்ற வேண்டும்.

ஐந்து மணிக்கு ஜெமால் ஜன்னலைத் தட்டினான்.
"வால்வு திறக்கப்போகிறேன்.
அடுப்புத் திருகு எல்லாம் மூடியிருக்கிறதா?"
"மூன்று நாளாகத் தொடவே இல்லை," என்றேன்.
"பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்," என்றான்.

பார்த்தேன்.
இடது ஓரத்தில் ஒன்று,
கேஸ் நின்ற அன்று காபிக்குத் திருப்பியது,
முழுக்கத் திறந்து கிடந்தது.

பூண்டு மணக்கும் விரலால் அதை மூடிவிட்டு
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.
"மூடியாச்சு," என்று கத்தினேன்.
குரல் சரியாக வரவில்லை;
வினிகர்தான்.